சொன்னால் கேட்பதில்லையா?

மூன்று வயது மகன். எத்தனை முறை சொன்னாலும் காதில் வாங்குவதில்லை. கத்தினால்தான் அசைகிறான். என்ன செய்வது?

அடுத்த அறையிலிருந்து குரல் கொடுக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். விளையாட்டில் மூழ்கிய குழந்தைக்குத் தூரத்துக் குரல் எட்டுவதே இல்லை. பக்கத்தில் போய், அவன் கண் உயரத்துக்குக் குனிந்து, பெயர் சொல்லி அழைத்து, ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்கள். அப்புறம் பேசாமல் காத்திருங்கள். சொன்னது புரிந்து, கையில் இருப்பதை விட்டு எழுவதற்கு இந்த வயதில் சில விநாடிகள் பிடிக்கும். நாமோ அதற்குள் அடுத்த தடவை சொல்லிவிடுகிறோம். "ஓடாதே" என்பதைவிட "மெதுவா நட" என்பது நல்லது. என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரிகிறது. "ஐந்து நிமிஷத்தில் கிளம்பணும்" என்றால் புரியாது. "இன்னும் ரெண்டு தடவை சறுக்கிட்டுக் கிளம்பலாம்" என்றால் புரியும்.

இரண்டரை வயது மகள், கேட்டது கிடைக்காவிட்டால் தரையில் விழுந்து அலறுகிறாள். வெளியிடத்தில் மானம் போகிறது.

ஒன்றிலிருந்து நான்கு வயதுவரை இது சகஜம். உங்கள் வளர்ப்பில் குறை என்று நினைக்காதீர்கள். உணர்ச்சியைக் கட்டுப்படுத்த உதவும் மூளையின் முன்பகுதி முழுமையாக வளர 20 வயதைத் தாண்டியும் சில ஆண்டுகள் ஆகின்றன. அலறல் உச்சத்தில் இருக்கும்போது அறிவுரை, மிரட்டல் எதுவும் ஏறாது. அடிபடாத இடத்துக்கு நகர்த்தி, அருகில் உட்காருங்கள். "அது வேணும்னு ஆசைப்பட்டே, கிடைக்கலை, கோபம் வந்துடுச்சு" என்று தணிந்த குரலில் சொன்னால் போதும். மறுத்த பொருளை மட்டும் அழுகைக்காகக் கொடுத்துவிடாதீர்கள். அடுத்த முறை இன்னும் சத்தமாக அழுவாள். அடங்கியதும் அணைத்துக்கொள்ளுங்கள். அழுததற்குத் தண்டனையாக முகம் திருப்பிக்கொள்வது எனக்கு ஏற்புடையதல்ல. பசியும் தூக்கமும் முற்றிய நேரத்தில் வெளியே கிளம்பாமல் இருந்தாலே பாதி அலறல் குறையும்.

நான்கு வயதுப் பையன் பொய் சொல்கிறான். கண்டிக்கலாமா?

தனக்குத் தெரிந்தது அடுத்தவருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பது அவனுக்கு இப்போதுதான் பிடிபடுகிறது. பொய் அதன் அடையாளம்தான். சுவரில் கிறுக்கியதைக் கண்ணால் பார்த்தபிறகு "யார் கிறுக்கினது?" என்று கேட்காதீர்கள். "கிறுக்கியிருக்கே, வா துடைக்கலாம்" என்று சொல்லுங்கள்.

இருபது மாதக் குழந்தை; சில சொற்கள்தான் பேசுகிறாள். வீட்டில் இரண்டு மொழி பேசுவதால் குழம்புகிறாளா? பேச்சு வரட்டும் என்று மொபைலில் பாட்டுப் போட்டுக் காட்டுகிறோம்.

இரண்டு மொழி பேசுவது பேச்சைத் தாமதப்படுத்தாது, இரண்டையும் தாராளமாகப் பேசுங்கள். மொபைலை எடுத்து வையுங்கள். இரண்டு வயதுக் குழந்தைக்கே நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், ஒரு வயதில் வேண்டவே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. திரை பேசும், பதிலுக்குக் காத்திருக்காது. குழந்தை எதையாவது சுட்டிக்காட்டினால் அதன் பெயரைச் சொல்லுங்கள், அவள் ஒலி எழுப்பும்வரை பொறுங்கள், அந்த ஒலிக்குப் பதில் பேசுங்கள். குளிப்பாட்டும்போதும் உடை மாற்றும்போதும் இதைச் செய்யலாம், தனி நேரம் தேவையில்லை. பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாவிட்டாலோ, பேசிக்கொண்டிருந்த சொற்களை விட்டுவிட்டாலோ, இரண்டு வயதாகியும் இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்லாவிட்டாலோ காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டி, காது கேட்கும் திறனையும் பரிசோதித்துவிடுங்கள்.