திருட்டு முழி

அன்புள்ள ஐயா,

மூன்று மாதங்களுக்கு முன் அம்மா காலமானார். இரவில் நான் அழும்போதெல்லாம் எங்கள் நாய் மணி எங்கே படுத்திருந்தாலும் எழுந்து வந்து என் மடியில் முகத்தை வைத்துக்கொள்கிறான். என் துக்கம் அவனுக்குப் புரிகிறதா, அல்லது என் கற்பனையா? என் கணவர், "பிஸ்கட்டுக்காக வருகிறான்" என்கிறார். பூனைகளும் இப்படித்தானா? ஒன்று நிச்சயம், மணிக்கு எல்லாம் தெரியும். செருப்பைக் கடித்துவைத்த நாளில், நான் உள்ளே நுழைந்ததும் தலையைத் தொங்கப்போட்டு நிற்பான். இரண்டு போட்டால்தான் அடங்குகிறான்.

ஒரு வாசகி, திருப்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

அம்மா இல்லாத வீட்டில் இரவுகள் நீளம். மணி பக்கத்தில் இருக்கிறானே, அந்த மட்டும் ஆறுதல். அது கற்பனை இல்லை. 2012இல் லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் நாய்களின் முன்னால் அழுவதுபோல் நடித்துப் பார்த்தார்கள். அழுதவர் முன்பின் தெரியாத ஆளாக இருந்தபோதும், வளர்த்தவரை விட்டுவிட்டு அழுதவரிடமே பெரும்பாலான நாய்கள் போயின. வெறும் பிஸ்கட்டுக்காக என்று தள்ளிவிட முடியாது. பூனை விஷயம் இன்னொரு நாளைக்கு.

நான் எழுத உட்கார்ந்தது உங்கள் கடைசி வரிக்காக. "இரண்டு போட்டால்தான்" என்று எவ்வளவு சாதாரணமாக எழுதிவிட்டீர்கள்!

நியூயார்க்கில் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009இல் இதைச் சோதித்தார். தின்பண்டத்தைத் தொடாதே என்று நாயிடம் சொல்லிவிட்டு வளர்ப்பவர் வெளியே போக வேண்டும். திரும்பி வந்ததும் நாய் தின்றுவிட்டதா இல்லையா என்று அவரிடம் சொல்வார்கள். சில சமயம் வேண்டுமென்றே மாற்றிச் சொல்வார்கள். நாம் குற்ற உணர்வு என்று நினைக்கும் அந்த முகம், தின்றதால் வரவில்லை, திட்டியதால் வந்தது. தின்னாமலே திட்டு வாங்கிய நாய்கள்தான் இன்னும் அதிகமாக ஒடுங்கின.

யோசித்துப் பாருங்கள். கிழிந்த செருப்பு தரையில் கிடக்கும்போது நீங்கள் உள்ளே வந்தால் அடி விழும். மணி கற்றுக்கொண்டது அவ்வளவுதான். மத்தியானம் கடித்ததற்கு சாயங்காலம் விழும் அடியில் அவனுக்கு என்ன புரியும்? நீங்கள் வந்தால் பயம் என்பதுதான் புரியும்.

எங்கள் வீட்டில் கருப்பன் என்று ஒரு நாட்டு நாய் இருந்தான். அப்பாவின் சைக்கிள் சத்தம் கேட்டால் தெருமுனைக்கு ஓடுவான். கடையில் வியாபாரம் படுத்த நாட்களில் மட்டும் ஓட மாட்டான். சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடும் சத்தத்திலேயே நெல் மூட்டைக்குப் பின்னால் போய் வாலைச் சுருட்டிக்கொள்வான். அதைப் பார்த்ததும் அம்மா எங்களைப் புத்தகத்தோடு பின்கட்டுக்கு அனுப்பிவிடுவாள். ஒருநாள் பூனை பால் செம்பை உருட்டிவிட்டது. அடி வாங்கியவன் கருப்பன். "திருட்டு முழி முழிக்கிறான் பார்" என்று சொல்லிச் சொல்லி அப்பா குடைக்கம்பால் அடித்தார். அவர் குரல் ஏற ஏற அவன் முழியும் பெரிதாகிக்கொண்டே போனது. அதையே அவர் சாட்சியாக எடுத்துக்கொண்டார். எனக்கு இன்றும் ஆறவில்லை.

உங்கள் கண்ணீருக்கு ஓடி வருகிற அதே மணிதான் உங்கள் கோபத்துக்கும் ஒடுங்குகிறான். முதலாவதை அன்பு என்கிறீர்கள், இரண்டாவதை ஒப்புதல் வாக்குமூலம் என்கிறீர்கள். இது என்ன நியாயம்?

சுவீடனில் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தினர் நாய்களின் முடியையும் வளர்ப்பவர்களின் முடியையும் எடுத்து, மன அழுத்தத்தில் சுரக்கும் கார்டிசோலை அளந்தார்கள். 2019இல் வெளியான அந்த ஆய்வில், மாதக்கணக்கில் மனிதருக்கு ஏறியிருந்த இடத்தில் நாய்க்கும் ஏறியிருந்தது. உங்கள் மூன்று மாதத்தை மணியும்தான் சுமக்கிறான். அம்மாதான் அவனுக்குச் சோறு வைத்தவரா? பகலெல்லாம் அவனோடு வீட்டில் இருந்தவரா? அவன் கடிப்பது யாருடைய செருப்பை? எதையும் நீங்கள் எழுதவில்லை.

செருப்புகளை எட்டாத உயரத்தில் வையுங்கள். கடிப்பதற்கென்றே கெட்டியான பொம்மைகள் கிடைக்கின்றன, ஒன்று வாங்கிப் போடுங்கள். காலையில் அவனை வெளியே நடத்திக் கூட்டிப் போங்கள், உங்களுக்கும் நல்லது. கையை மட்டும் ஓங்காதீர்கள்.

அன்புடன்.