திரியெஸ்தே: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வெனிஸிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம் என்கிறார்கள். வெனிஸைப் பார்த்த பிறகு திரியெஸ்தேயில் என்ன இருக்கிறது?

இன்னொரு வெனிஸைத் தேடிப் போனால் ஏமாந்துபோவீர்கள். இது இத்தாலியில் இருக்கிற ஆஸ்திரியத் துறைமுகம். 1382-லிருந்து முதல் உலகப்போர் முடியும்வரை, நெப்போலியனின் படைகள் வந்துபோன சில வருடங்கள் நீங்கலாக, ஊர் ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தின் கையில் இருந்தது. 1719-இல் பேரரசர் ஆறாம் சார்லஸ் இதைச் சுங்கவரி இல்லாத துறைமுகமாக அறிவித்தபோது இங்கே வாழ்ந்தவர்கள் சில ஆயிரம் பேர்தான். அவருடைய மகள் மரியா தெரசா காலத்தில் உப்பளங்களைத் தூர்த்து, நேர்நேரான தெருக்களோடு ஒரு புதுப் பேட்டை எழுந்தது. நடுவில் ஒரு கால்வாய். சரக்கைக் கிடங்கு வாசலிலேயே இறக்கலாம்.

வியாபாரம் செய்யக் கிரேக்கர், செர்பியர், யூதர், ஆர்மீனியர் எல்லோரும் வந்தார்கள். கால்வாய்ப் பக்கம் கொஞ்சம் நடந்தால் கத்தோலிக்க, செர்பிய, கிரேக்க தேவாலயங்களையும், 1912-இல் கட்டிய பெரிய யூதத் தொழுகைக்கூடத்தையும் பார்த்துவிடலாம். 1857-இல் வியன்னாவிலிருந்து ரயில் வந்து சேர்ந்தது. 1918-க்குப் பிறகு துறைமுகம் இத்தாலியின் கைக்குப் போனது; அதை வாழவைத்த பேரரசே இல்லாமல் போனது. இந்த ஊர் அருங்காட்சியகங்கள் முக்கால்வாசி இந்த ஒரு கதையைத்தான் துண்டுதுண்டாகச் சொல்கின்றன.

அப்துஸ் சலாம் இயற்பியல் மையத்துக்குப் பயிலரங்குக்காக வருகிறேன். ஓர் அரைநாள்தான் ஓய்வு. எங்கே போகலாம்?

உங்களுக்கு பஸ்கூட வேண்டாம். மையத்தை ஒட்டியே மிராமாரே பூங்கா. உள்ளே நடந்தால் கடலோரப் பாறைமேல் வெள்ளைக் கோட்டை. ஆஸ்திரியப் பேரரசரின் தம்பியும் கடற்படைத் தலைவருமான மாக்ஸிமிலியன் தனக்காகக் கட்டியது, 1856-இல் தொடங்கியது. கீழ்த்தளத்தில் அவருடைய படுக்கையறையைத் தவறவிடாதீர்கள். நோவாரா என்ற போர்க்கப்பலின் அறையைப் போலவே, தாழ்ந்த கூரையும் மரப்பலகைச் சுவருமாக அமைத்திருக்கிறார்கள்.

அந்தக் கப்பலுக்கும் நமக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. 1857 ஏப்ரலில் திரியெஸ்தேயிலிருந்து உலகைச் சுற்றக் கிளம்பிய நோவாரா, 1858 ஆரம்பத்தில் இலங்கையின் காலித் துறைமுகத்துக்கும் அப்புறம் சென்னைக்கும் வந்து, நிக்கோபார் தீவுகளை ஆராய்ந்துவிட்டுக் கிழக்கே போனது. நிக்கோபார் ஆஸ்திரியர்களுக்குப் பழைய ஆசை. அதற்கு 80 வருடம் முன்பே அங்கே கொடி நட்டுப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை. தெரசா தீவு என்ற பெயர் மட்டும் இன்றும் இருக்கிறது. மரியா தெரசாவின் பெயர்தான்.

மாக்ஸிமிலியன் அந்த உலகப் பயணத்தில் போகவில்லை. 1864-இல் மெக்ஸிகோவின் பேரரசராக ஒப்புக்கொண்டு இதே மிராமாரேயிலிருந்து நோவாராவில் கிளம்பினார். 1867-இல் மெக்ஸிகோவின் குடியரசுப் படை அவரைச் சுட்டுக்கொன்றது. உடலைத் திரும்பக் கொண்டுவந்ததும் நோவாராதான். மேல்தளத்து அரசவை அறைகள் ஆடம்பரமாக இருக்கும். நேரம் குறைவென்றால் அவற்றை வேகமாகக் கடந்துவிடலாம்.

ரிசியேரா நாஜி முகாமுக்குப் பத்து வயதுப் பிள்ளையை அழைத்துப் போகலாமா?

நான் என்றால் பதின்மூன்று, பதினான்கு ஆகட்டும் என்பேன். பெரியவர்கள் கட்டாயம் போக வேண்டும். இந்த ஊரில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் என்றாலும் நான் கைகாட்டுவது இதைத்தான். அனுமதி இலவசம்.

ரிசியேரா தி சான் சப்பா முதலில் ஓர் அரிசி ஆலை. 1943 செப்டம்பருக்குப் பிறகு ஜெர்மானியர்கள் அதைச் சிறையாக்கினார்கள். யூதர்களில் பெரும்பாலோரை இங்கே அடைத்துவைத்து ஆஷ்விட்ஸ் போன்ற முகாம்களுக்கு அனுப்பினார்கள். எதிர்ப்பு இயக்கத்தைச் சேர்ந்த ஸ்லோவேனியர், குரோவாசியர், இத்தாலியர்களை இங்கேயே கொன்றார்கள். இத்தாலிய மண்ணில் பிண எரிப்பு உலை இருந்த நாஜி முகாம் இது ஒன்றுதான். ஆலையின் உலர்த்தும் உலையையே அதற்காக மாற்றினார்கள். கொல்லப்பட்டவர்கள் 3,000 முதல் 5,000 பேர் என்பது பொதுவான மதிப்பீடு. 1945 ஏப்ரல் கடைசியில் தப்பி ஓடும்போது உலையை வெடிவைத்துத் தகர்த்துவிட்டுப் போனார்கள்.

1975-இல் திறந்த இன்றைய நினைவகத்தை வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் ரொமானோ போய்க்கோ. இரண்டு உயரமான கான்கிரீட் சுவர்களுக்கு நடுவே ஒடுக்கமான வழியில் நுழைகிறோம். உள்ளே 17 சிறு கொட்டடிகள். உலை இருந்த இடத்தில் இரும்புத் தகடு பதித்த தரை. விளக்கப் பலகைகளைப் படிக்கும் முன் முற்றத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். முகாமை நடத்திய யோசெஃப் ஓபர்ஹவுசருக்கு 1976-இல் திரியெஸ்தே நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது. ஆள் வரவே இல்லை. மூனிச்சில் பீர்க் கடையில் வேலை பார்த்தபடியே 1979-இல் செத்துப்போனார்.

திரியெஸ்தே இத்தாலியோடு சேர்ந்தது 1918-லா, 1954-லா?

இரண்டும் சரி. 1918-இல் இத்தாலியப் படை வந்தது. 1945 மே 1-இல் யூகோஸ்லாவியப் படை நுழைந்து நாற்பது நாள் வைத்திருந்தது. பிறகு ஆங்கில, அமெரிக்க ராணுவ நிர்வாகம். 1947 அமைதி உடன்படிக்கை இதைத் தனிச் சுதந்திரப் பகுதி என்று எழுதி, இரண்டு மண்டலமாகப் பிரித்தது. 1954 அக்டோபரில்தான் நகரம் இருந்த ‘ஏ’ மண்டலம் இத்தாலிக்குத் திரும்பியது. எல்லைத் தகராறு சட்டப்படி முடிய 1975-இல் ஒசிமோ உடன்படிக்கை வரை ஆனது.

இந்தக் காலத்தின் பொருட்களைப் பார்க்க தியேகோ தெ ஹென்ரிகெஸ் போர் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். பீரங்கி, டாங்கி எல்லாம் ஆயுள் முழுக்கச் சேர்த்த மனிதர். தன் கிடங்கில் சவப்பெட்டிக்குள் படுத்துத் தூங்குவாராம். 1974-இல் அந்தக் கிடங்கில் பிடித்த தீயில் இறந்தார். ரிசியேராவின் சுவர்களில் கைதிகள் எழுதியதைத் தன் நாட்குறிப்புகளில் படியெடுத்து வைத்தவரும் இவர்தான். அதற்காகவே இவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

குழந்தைகளுக்கு ஏதாவது?

இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் அந்தோனியோ. பக்கத்து மீனவ கிராமத்தில் கிடைத்த, கிட்டத்தட்ட முழுமையான டைனோசர் எலும்புக்கூடு. குட்டையான தீவு இனம் என்று முதலில் நினைத்தார்கள். 2021-இல் வந்த ஆய்வு, அது இன்னும் முழுதாக வளராத குட்டி என்கிறது. முன்பதிவு செய்தால் போரா அருங்காட்சியகமும் உண்டு. போரா என்பது இந்த ஊரின் வடகிழக்குக் காற்று. மணிக்கு 150 கிலோமீட்டரையும் தாண்டும். உலகெங்கிலுமிருந்து பாட்டிலில் அடைத்து வந்த ‘காற்றுகள்’ அங்கே அலமாரியில் இருக்கின்றன. விளையாட்டான இடம், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

ரெவோல்தெல்லா அருங்காட்சியகம் நேரம் ஒதுக்கிப் பார்க்கத் தக்கதா?

ஓவியங்களைவிட வீட்டுக்காகப் போங்கள். பாஸ்குவாலே ரெவோல்தெல்லா சூயஸ் கால்வாய்க் கம்பெனியின் துணைத்தலைவர். கால்வாய் திறந்தது 1869 நவம்பரில். அவர் செப்டம்பரிலேயே இறந்துவிட்டார். மாளிகையையும் சேகரிப்பையும் ஊருக்கே எழுதிவைத்தார். சூயஸ் நிலத்தை வெட்டியதைக் கொண்டாடும் பளிங்குச் சிற்பம் உள்ளே இருக்கிறது. கால்வாயால் திரியெஸ்தேக்கு என்ன கனவு இருந்தது என்று அதைப் பார்த்தால் புரியும்.

ஐரிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ் இங்கே இருந்தாராமே?

1904-லிருந்து 1915 வரை, பிறகு 1919–20-இல் கொஞ்ச காலம். ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். ஊர் நடுவில் இருக்கிற கால்வாயின் பாலத்தில் அவருடைய வெண்கலச் சிலை உண்டு. படம் எடுத்துக்கொள்ளக் கூட்டம் நிற்கும்.

எந்த நாளில் மூடியிருப்பார்கள்?

சில இடங்களுக்கு வாரம் ஒரு நாள் விடுமுறை, அதுவும் எல்லாவற்றுக்கும் ஒரே நாள் இல்லை. போகும் முன் அந்தந்த இணையதளத்தைப் பாருங்கள். குளிர்காலத்தில் போனால் போரா அடிக்கும் நாளில் மிராமாரே வேண்டாம். கடலோரப் பாதையில் நிற்கவே முடியாது. அன்றைக்கு ரெவோல்தெல்லாவுக்குள் போய்விடுங்கள்.