எலித் தரவை மனிதருக்கு மாற்ற எடைக் கணக்கு போதுமா?

கேள்வி: ஒரு வேதிப்பொருளை எலிகளுக்குக் கொடுத்து ரத்தத்தில் அளந்த தரவு மட்டும்தான் என்னிடம் இருக்கிறது. உடல் எடைக்கு ஏற்ப மாற்றினால் மனித ரத்தத்தில் எவ்வளவு இருக்கும் என்று தெரிந்துவிடாதா, பிபிபிகே மாடல் (உறுப்புகள், ரத்த ஓட்டம் ஆகியவற்றை வைத்து ஒரு பொருள் உடலில் எப்படிப் பரவி வெளியேறும் என்று கணிக்கும் கணித மாதிரி) கட்டாயமா?

பதில்: எடைக் கணக்கோடு நிறுத்தாதீர்கள். ஒரு கிலோ எடைக்கு நிமிடத்தில் எலியின் கல்லீரல் வழியே சுமார் 55 மில்லி ரத்தம் ஓடுகிறது, மனிதருக்குச் சுமார் 20 மில்லிதான். நொதிகளும் வேறு. டிசிடிடி என்ற டையாக்சின் வகை நச்சுப் பொருள் எலி உடலில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 3 வாரம், மனித உடலில் 7 ஆண்டோ அதற்கு மேலோ ஆகிறது. இந்த இடைவெளியை எடை மட்டும் எப்படிக் காட்டும்?

பிபிபிகே மாடலில் ஒவ்வொரு உறுப்புக்கும் அதன் கொள்ளளவு, ரத்த ஓட்டம், ரத்தத்துக்கும் திசுவுக்கும் இடையே பொருள் பிரியும் விகிதம் என்று தனித்தனி எண்கள் இருக்கும். முதலில் எலிக்குக் கட்டி உங்கள் தரவோடு ஒப்பிடுங்கள், அப்புறம் உடலியல் எண்களையும் கல்லீரல் சிதைக்கும் வேகத்தையும் மனிதருக்கு மாற்றுங்கள். இதற்கான பிகே-சிம் மென்பொருள் இலவசம், அதிலேயே தொடங்கலாம்.

பலர் உறுப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதில் நேரத்தைச் செலவிடுகிறார்கள், ஆனால் பெரும்பாலும் விடையைத் தீர்மானிப்பது இரண்டே எண்கள்: கல்லீரல் செல்களில் அளந்த சிதைவு வேகம், பிளாஸ்மா புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் பங்கு. கல்லீரல் மெதுவாகச் சிதைக்கும் பொருளில் ஒட்டாத பங்கு 1 சதவீதம் என்று வைப்பதற்கும் 2 என்று வைப்பதற்கும், தொடர்ந்து உட்கொள்ளும்போது ரத்தத்தில் நிலைக்கும் மொத்த அளவு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு மாறும். கொழுப்பில் கரையும் பொருள் சோதனைத் தட்டின் பிளாஸ்டிக்கிலேயே ஒட்டிக்கொள்ளும் என்பதால் அந்த அளவீட்டை அப்படியே நம்பக் கூடாது, யார் எப்படி அளந்தார்கள் என்று பாருங்கள். வேகமாகச் சிதையும் பொருள் என்றால் கதை வேறு, அங்கே கல்லீரலுக்கு வரும் ரத்த ஓட்டம்தான் சிதைவு வேகத்துக்கு எல்லை.

மாடல் காட்டும் வளைகோடு அளந்த தரவோடு பொருந்தவில்லை என்று எண்களை இஷ்டத்துக்குத் திருப்பாதீர்கள், தயவுசெய்து! எதை மாற்றினால் விடை அதிகம் அசைகிறது என்று உணர்திறன் பகுப்பாய்வு செய்து, அந்த எண்ணை மறுபடி அளக்கச் சொல்லுங்கள். மனிதத் தரவே இல்லாவிட்டால், மனிதத் தரவு உள்ள ஒத்த பொருள் ஒன்றை இதே முறையில் கணித்துச் சரிபார்க்கலாம். 2021-இல் வந்த ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு) வழிகாட்டியும் இந்த வழியை ஏற்கிறது. அறிக்கையில் ஒற்றை எண் வேண்டாம், வீச்சாகக் கொடுங்கள்.