ஸ்டாப்பரை மட்டும் திட்டாதீர்கள்

கால்பந்து கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டிஃபென்ஸ் பற்றியே வந்திருக்கின்றன. எனக்கு ரொம்ப சந்தோஷம். சென்னை லீக்கில் கீழ் டிவிஷன்களில் பதினான்கு வருஷம் ஸ்டாப்பராக, அதாவது கோலுக்கு முன்னால் நடுவில் நிற்கும் டிஃபென்ஸ் ஆட்டக்காரனாக, நின்றவன் நான். இப்போது வியாசர்பாடியில் தினமும் காலை ஆறு மணிக்குப் பையன்களோடு மைதானத்தில் நிற்கிறேன். கோல் அடித்தவனைப் பற்றிக் கேட்க ஆயிரம் பேர் உண்டு. கோலைத் தடுத்தவனைப் பற்றிக் கேட்டு எழுதினால் அன்றைக்கு எனக்குத் தீபாவளி.

2018-ல் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பை வாங்கிய சென்னையின் எஃப்.சி. அடுத்த சீசனிலேயே கடைசி இடத்துக்குப் போனது. பின்னால் நின்றவர்கள் பெரும்பாலும் அதே ஆட்கள். ஸ்டாப்பர் மெயில்சன் வேகம் குறைந்துவிட்டார் என்கிறேன் நான். கோச்தான் காரணம் என்கிறான் நண்பன். டீக்கடையில் இன்னும் சண்டை ஓயவில்லை. யார் சொல்வது சரி?
— கல்லூரி மாணவர், வியாசர்பாடி

தம்பி, இரண்டு பேரும் தப்பான இடத்தில் தேடுகிறீர்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2017–18 லீக் சுற்றில் 18 ஆட்டம், வாங்கிய கோல் 19. அடுத்த சீசனில் அதே 18 ஆட்டம், வாங்கிய கோல் 32. பின்வரிசையில் மெயில்சன் ஆல்வெஸ், கால்டெரோன், ஜெர்ரி மூவரும் இருந்தார்கள். கீப்பர் கரன்ஜித்தும் இருந்தார். போனவர் ஹென்ரிக் செரீனோ மட்டும்தான். அவர் இடத்துக்கு வந்த எலி சாபியா ஒன்றும் லேசான ஆள் இல்லை, 2020-ல் இதே அணி ஃபைனல் வரை போனபோது பின்னால் நின்றவர். ஒரு ஸ்டாப்பர் மாறியதற்கு 13 கோல் கூடுமா? கூடாது.

அப்புறம் எங்கே ஓட்டை? ஸ்டாப்பருக்கு முன்னால்.

கோப்பை வாங்கிய வருஷம் தனபால் கணேஷும் பிக்ரம்ஜித் சிங்கும் நடுவில் நின்றார்கள். கணேஷ் நம்ம சென்னைப் பையன். கோவாவுக்கு எதிரான செமிஃபைனலில் அவர் அடித்த கோல்தான் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். எனக்கு ஞாபகம் இருப்பது வேறு. எதிரணி மிட்ஃபீல்டர் தன் கோலைப் பார்த்தபடி பந்தை வாங்குவான். அவன் திரும்புவதற்குள் கணேஷ் அவன் முதுகில் ஒட்டியிருப்பார். பந்தைப் பறிக்கக்கூட வேண்டாம், திரும்ப விடாமல் இருந்தால் போதும். அவன் வேறு வழியில்லாமல் பந்தைப் பின்னால் தட்டிவிடுவான். இந்த வேலை டிவியில் ரீப்ளே போடுகிற வேலை இல்லை.

அவன் திரும்பிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஸ்டாப்பருக்கு அரை விநாடி கிடைக்கும். முன்னேறிப் போனால் முதுகுக்குப் பின்னால் பந்து விழும். பின்வாங்கினால் இருபது கஜத்திலிருந்து ஷாட் வரும். எதைச் செய்தாலும் தப்பு. கேலரியில் இருப்பவருக்கு ஸ்டாப்பர் தடுமாறினது மட்டும்தான் தெரியும்.

அந்த 2018–19 சீசனில் கணேஷ் காயம்பட்டு வெளியே இருந்தார். அக்டோபரில் நார்த் ஈஸ்ட் யுனைடெட் இங்கே வந்தது. வியாசர்பாடி ஜீவாவில் ரயிலேறி மூர் மார்க்கெட்டில் இறங்கி, நேரு ஸ்டேடியத்துக்கு நடந்தே போனேன். நம்ம ஆட்கள் 3–1 என்று முன்னால் இருந்தார்கள். அந்தப் பக்கம் ஓக்பெச்சே ஹாட்ரிக் அடித்தார். கடைசியில் 4–3, அவர்களுக்கு. என் முன் வரிசையில் இருந்த ஒருவர் ஒவ்வொரு கோலுக்கும் எழுந்து நின்று ஸ்டாப்பர்களைத் திட்டினார். நான் பாதி நேரம் பந்தைப் பார்க்கவே இல்லை. மிட்ஃபீல்டுக்கும் ஸ்டாப்பருக்கும் நடுவில் இருந்த புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஆளே இல்லை. முந்தின வருஷம் நம்ம ஆள் இருவர் மிதித்த புல் அது.

உங்கள் நண்பன் கோச் என்கிறார். ஜான் கிரிகரிதான் கோப்பையும் வாங்கிக் கொடுத்தார், அவரேதான் கடைசி இடத்திலும் இருந்தார். கணேஷ், பிக்ரம்ஜித் இருவருக்கும் சமமாக வேறு ஆளை அவர் தேடவில்லை என்று சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். மெயில்சனை மட்டும் விட்டுவிடுங்கள்.

பெங்களூரு ஃபைனலில் மெயில்சன் தலையால் இரண்டு கோல் அடித்தார். ஆகாயப் பந்துக்கு நம்ம டிஃபென்ஸ் கெட்டி என்று சொல்லலாமா?
— வாசகர், புளியந்தோப்பு

எதிரணி பாக்ஸில், அதாவது அவர்கள் கோலுக்கு முன்னால் இருக்கும் பெனால்டி ஏரியாவில், கெட்டி. நம்ம பாக்ஸில் அப்படிச் சொல்ல முடியாது.

2018 மார்ச் 17, கண்டீரவா ஸ்டேடியம். நாம் 3–2 என்று ஜெயித்த ஆட்டம். மெயில்சன் கார்னரில் எழும்பி அடித்த இரண்டும் கண்ணிலேயே நிற்கும். நாம் வாங்கிய இரண்டையும் மறந்துவிடுகிறோம். 9-வது நிமிஷத்தில் சேத்ரி தாழ்வாகப் பாய்ந்து தலையால் போட்டார். ஆட்டம் முடிகிற நேரத்தில் மீக்கு, அதுவும் தலையால். ஒரே ஆட்டத்தில் தலையால் இரண்டு அடித்து, தலையாலேயே இரண்டு வாங்கிய அணி நம்முடையது.

இது முரண்பாடு இல்லை. கார்னருக்கு ஓடிவருபவன் பந்தைப் பார்த்தபடி ஓடிவருகிறான். எப்போது ஓடுவது, எங்கே எழும்புவது, எல்லாம் அவன் முடிவு. ஓரத்திலிருந்து வரும் கிராஸைத் தடுப்பவனுக்கு நிலைமையே வேறு. பந்து முன்னால், ஆள் முதுகுக்குப் பின்னால். இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கிற கண் யாருக்கும் கிடையாது. உயரமும் குதிப்பும் இங்கே பாதிதான் உதவும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எனக்கு இருபத்திமூன்று வயசு. லீக்கில் மேல் டிவிஷனுக்குப் போக ஒரு டிரா போதும். முடிய இரண்டு மூன்று நிமிஷம் இருக்கும்போது வலது ஓரத்திலிருந்து கிராஸ் வந்தது. பந்து எனக்குத்தான் என்று அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். சட்டை உரசுகிற சத்தம் கேட்டது. ஒரு தோள் என் தோளைத் தாண்டிப் போனது. அவ்வளவுதான். அவன் என்னைவிட நாலு விரல் குள்ளம். அந்தச் சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது.

அதனால்தான் எங்கள் பையன்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது ஹெட்டிங் இல்லை, நிற்பது. பாதி உடம்பு பந்துக்கு, பாதி உடம்பு ஆளுக்கு. பின்கை விரல் எதிராளி சட்டையைத் தொட்டுக்கொண்டே இருக்கணும். இழுக்கக் கூடாது, இருக்கிறான் என்று தெரிந்தால் போதும். கிராஸ் வருவதற்கு முன்னால் குறைந்தது இரண்டு முறை தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கணும். பந்து காற்றில் ஏறின பிறகு திரும்பினால் காலம் போச்சு.

2022–23-ல் சென்னையின் எஃப்.சி. 36 கோல் அடித்து 37 வாங்கியது. 2020–21-ல் 23 மட்டும் வாங்கியது, ஆனால் அடித்தது 17. இரண்டு சீசனிலும் எட்டாவது இடம். உங்களுக்கு எது பிடிக்கும்?
— வங்கி ஊழியர், தண்டையார்பேட்டை

நல்ல கேள்வி. மனசுக்கு 2020–21. ஆனால் அதை நல்ல டிஃபென்ஸ் என்று நான் சொல்ல மாட்டேன்.

20 ஆட்டத்தில் 11 டிரா. எலி சாபியாவும் எனெஸ் சிபோவிச்சும் நடுவில் நன்றாக நின்றார்கள், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் நல்ல டிஃபென்ஸ் பந்தைப் பறித்ததோடு நிற்காது, அதை நம்ம ஆள் காலில் சேர்க்கணும். எங்கேயோ ஓங்கி உதைத்தால் அடுத்த நிமிஷமே திரும்பி வரும். ஒரு ஆட்டத்தில் முப்பது முறை திரும்பி வந்தால் முப்பத்தோராவது முறை உள்ளே போகும். 17 கோலில் அந்த வியாதி தெரிகிறது.

37 வாங்கிய சீசனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பந்து போனவுடன் அஞ்சு பேர் முன்னாலேயே நின்றால் பின்னால் எந்த மகாராஜா நின்றாலும் அதுதான் கதி.

கீப்பர் பந்தைப் பக்கத்தில் இருக்கும் ஸ்டாப்பருக்கு உருட்டி விடுகிறார். பார்க்கவே நெஞ்சு படபடக்கிறது. நாங்கள் ஆடின காலத்தில் ஓங்கி உதைப்போம். ஏன் இந்த விளையாட்டு?
— ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், பெரம்பூர்

அண்ணே, விதி மாறிவிட்டது. முன்பெல்லாம் கோல் கிக் அடித்தால் பந்து பெனால்டி ஏரியாவைத் தாண்டணும். 2019-லிருந்து தாண்ட வேண்டாம், ஏரியாவுக்குள்ளேயே நம்ம ஆள் வாங்கலாம். எதிரணி பந்தை வாங்க முன்னேறி வரும், வந்தால் அவர்களுக்குப் பின்னால் இடம் காலியாகும், அங்கே பந்தை அனுப்பலாம் என்பது கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் ஸ்டாப்பர் பந்தை வாங்கும்போது உடம்பை மைதானத்தைப் பார்த்துத் திறந்து, பந்து வரும் பக்கத்துக்குத் தூரமாக இருக்கும் காலில் வாங்கணும். பக்கத்துக் காலில் வாங்கினால் நம்ம கோலைப் பார்த்துத் திரும்பிவிடுவான், மாட்டிக்கொள்வான். அந்தப் பழக்கம் இல்லாத ஸ்டாப்பரை வைத்துக்கொண்டு உருட்டுகிற கோச் மேல் எனக்கும் கோபம் வரும்.

எங்கள் மைதானத்தில் கல்லும் குழியுமாக இருக்கிற பக்கம் உருட்டக் கூடாது என்றே பையன்களிடம் சொல்லியிருக்கிறேன். அங்கே உங்கள் காலத்து உதைதான்.

டிஃபென்ஸ் ஆட்டக்காரர் கோல் அடிக்கப் போகலாமா? பின்னால் காலியாகிவிடாதா?
— வாசகர், கொருக்குப்பேட்டை

கார்னருக்கும் ஃப்ரீ கிக்குக்கும் தாராளமாகப் போகலாம், பின்னால் இரண்டு பேர் நின்றால் போதும். மெயில்சன் கதையை மேலே சொல்லிவிட்டேன். 2019 மார்ச் 9, கோயம்புத்தூரில் இன்னொரு அணியான சென்னை சிட்டி எஃப்.சி. ஐ-லீக் என்ற தேசிய லீக்கின் கோப்பை வாங்கிய ஆட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மினர்வா பஞ்சாப் தொடக்கத்திலேயே ஒரு கோல் போட்டுவிட்டது. டிரா ஆகியிருந்தால் கோப்பை பட்டியலில் அடுத்து இருந்த ஈஸ்ட் பெங்காலுக்கு. 3–1 என்று முடிந்தது. அதில் இரண்டு கோல் டிஃபென்ஸ் ஆட்டக்காரர் கௌரவ் போராவுடையது.

நான் பத்தாவது படிக்கிறேன். பெண்கள் அணியில் ஸ்டாப்பராக ஆட ஆசை. குள்ளமாக இருக்கிறேன் என்று ஓரத்தில் போடுகிறார்கள். குள்ளமானவர்கள் ஸ்டாப்பர் ஆக முடியாதா?
— மாணவி, எருக்கஞ்சேரி

முடியும், பாப்பா. ஃபாபியோ கன்னவாரோ என்று ஒருத்தர். ஸ்டாப்பர்களில் குள்ளம், ஐந்தடி ஒன்பது அங்குலம் இருப்பார். 2006 உலகக் கோப்பையை வாங்கிய இத்தாலிக்கு அவர்தான் கேப்டன். அந்தக் கோப்பையில் ஏழு ஆட்டத்தில் இத்தாலி வாங்கியது இரண்டே கோல். ஒன்று தங்கள் ஆளே தவறிப் போட்டது, இன்னொன்று ஃபைனலில் ஜிடான் அடித்த பெனால்டி. எதிரணி ஆள் ஓடும் ஆட்டத்தில் அடித்த கோல் ஒன்றுகூட இல்லை. அந்த வருஷம் உலகத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்குத்தான். அவர் பக்கத்தில் நின்ற மார்க்கோ மாத்தராஸி பின்னாளில் சென்னைக்குக் கோச்சாக வந்து, 2015-ல் நமக்கு முதல் கோப்பையை வாங்கிக் கொடுத்தார்.

கன்னவாரோ பந்து வருவதற்கு முன்பே அது விழப்போகும் இடத்தில் இருப்பார். அது பழக்கத்தில் வருவது. உன் கோச்சிடம் ஒரே ஒரு பயிற்சி ஆட்டத்தில் நடுவில் நிற்க விடச் சொல்லிக் கேள்.

என் மகனுக்கு 12 வயது. கோச் எப்போதும் அவனைப் பின்னாலேயே நிறுத்துகிறார். நன்றாக ஆடத் தெரியாததால்தான் பின்னால் போடுகிறார்கள் என்று பக்கத்து வீட்டுப் பையன்கள் கேலி செய்கிறார்கள். அவன் பூட்ஸை எடுத்து வைத்துவிட்டான். என்ன செய்வது?
— ஒரு தாய், காசிமேடு

அம்மா, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன்.

தெருவில் ஆடும்போது ஆடத் தெரியாதவனைப் பின்னால் தள்ளுவது உண்டு. கோச் அப்படிச் செய்வதில்லை. பின்னால் நிறுத்துகிற பையனிடம் நாங்கள் தேடுவது ஒன்றே ஒன்று, தப்பு நடந்தால் தலையைத் தொங்கப்போடாமல் அடுத்த பந்துக்கு நிற்பானா என்று. முன்னால் ஆடுபவன் பத்து வாய்ப்பை விட்டு ஒன்றைப் போட்டால் தோளில் தூக்குவார்கள். பின்னால் இருப்பவன் பத்தைத் தடுத்து ஒன்றை விட்டால் அந்த ஒன்றைத்தான் பேசுவார்கள். அதைத் தாங்குகிற மனசு பன்னிரண்டு வயசில் எல்லோருக்கும் இருக்காது. உங்கள் மகனிடம் இருப்பதாக அவன் கோச்சுக்குத் தோன்றியிருக்கிறது.

ஒரு உதவி செய்யுங்கள். அவனைச் சமாதானம் செய்து அடுத்த ஆட்டத்துக்கு அனுப்பி, நீங்களும் போய்ப் பாருங்கள். பந்து எங்கே போனாலும் பார்வையை மகன் மேலேயே வைத்திருங்கள். அவன் எத்தனை முறை தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கிறான் என்று விரல் விட்டு எண்ணுங்கள். கீப்பர் பந்தைப் பிடித்தவுடன் பக்கத்தில் இருப்பவர்களைக் கையசைத்து முன்னால் ஏற்றுகிறானா, சத்தம் போட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறானா என்று பாருங்கள். வீட்டுக்கு வந்து சாப்பாடு போடும்போது, "இன்னைக்குப் பதினாறு தடவை திரும்பிப் பார்த்தே" என்று அவனிடம் சொல்லுங்கள்.

அப்புறம் அந்த பூட்ஸ். ஈரத்தோடு எடுத்து வைத்திருந்தால் தையல் விட்டுவிடும். உள்ளே பழைய பேப்பரைத் திணித்து நிழலில் காயவையுங்கள்.