கேள்வி பதில்: கரண்ட் வந்தாப் பிறகு வாற பிழை

கேள்வி: ஒஃபிஸில எல்லா லினக்ஸ் மெஷினும் ஒரு சேர்வரில இருக்கிற ஃபோல்டரை என்எஃப்எஸ்ஸால (நெற்வேர்க்கில ஃபோல்டரைப் பகிருற முறை) பாவிக்குது. கரண்ட் போய் வந்தா "ஸ்டேல் ஃபைல் ஹாண்டில்" எண்டு வருது, லொக்கில (மெஷின் நடந்ததை எழுதி வைக்கிற பதிவு) நேரமும் பிழை. என்ன செய்யிறது?
— வாசகர், கொக்குவில்

பதில்: முதல்ல சேர்வரைப் பாருங்கோ, மற்ற மெஷினுகளில கை வைக்காதேங்கோ. கரண்ட் வந்து சேர்வர் எழும்பேக்க டிஸ்க் மவுண்ட் ஆக (பாவிக்கிறதுக்கு இணைக்கப்பட) முதலே ஃபோல்டரை எக்ஸ்போர்ட் பண்ணியிருந்தா (மற்ற மெஷினுகளுக்குத் திறந்து விட்டிருந்தா), இல்லாட்டி டிஸ்கின்ர அடையாளம் மாறியிருந்தா, மற்ற மெஷினுகள் பிடிச்சு வச்சிருக்கிற பழைய ஹாண்டில் (ஃபைலைக் கண்டுபிடிக்கிற அடையாளம்) செல்லாது. டிஸ்க் சரியா மவுண்ட் ஆகியிருந்தா பிறகு ஒவ்வொரு மெஷினிலயும் அன்மவுண்ட் பண்ணித் திரும்ப மவுண்ட் பண்ணுங்கோ. அடிக்கடி வந்தா சேர்வரின்ர எக்ஸ்போர்ட்ஸ் ஃபைலில எஃப்எஸ்ஐடி நம்பரை (எக்ஸ்போர்ட் பண்ணினதை அடையாளம் காட்டிற இலக்கம்) நிரந்தரமாக் குடுத்து விடுங்கோ, இதைத்தான் கனபேர் விடுகினம்.

நேரம் எவ்வளவு பிழை எண்டு நீங்க எழுதேல்ல, அதுதான் முக்கியம். சரியா 5:30 மணித்தியாலம் பிந்திக் காட்டினா மணிக்கூடு பிழையில்லை, லொக் யூடிசியில (உலகப் பொது நேரம்) ஓடுது, ரைம்சோனை ஏசியா/கொழும்பு எண்டு மாத்தி லொக் சேவிஸை றீஸ்ராட் பண்ணினாச் சரி. வருசக்கணக்கில பின்னுக்கு நிண்டா மதர்போர்ட் பற்றரி செத்துப்போச்சு. சில நிமிசம் எண்டா க்ரோனி (நேரத்தைத் தானாச் சரிப்படுத்திற மென்பொருள்) போடுங்கோ.

ஒண்டு கவனியுங்கோ, லொக் வரியில விழுற நேரம் அதை எழுதின மெஷின்ர நேரம், ஃபைலில காட்டிற நேரம் பெரும்பாலும் சேர்வரின்ர. அதால சேர்வரையே மற்ற மெஷினுகளுக்கு நேரம் குடுக்க விடுங்கோ, இன்ரநெற் இல்லாட்டியும் எல்லாம் ஒத்துப்போகும்.