தில்லியில் ஒரு நாள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்தோடு தில்லி போகிறோம். ஒரு நாளை தேசிய அருங்காட்சியகத்துக்கென்றே வைக்க வேண்டும் என்கிறேன். "மூணு மணி நேரத்துல சுத்திடலாம்" என்கிறார் கணவர். எழும்பூர் அருங்காட்சியகத்தில் எல்லா அறைகளையும் ஓட்டமாக ஓடிப் பார்த்தோம்; வெளியே வந்ததும் ஒன்றும் நினைவில் இல்லை. கூட 12 வயது மகனும் முழங்கால் வலியுள்ள மாமியாரும் வருகிறார்கள். எப்படித் திட்டமிடுவது?
- வாசகி, திருச்சி

பதில்: பிடிவாதத்தை விடாதீர்கள், முழு நாளும் வேண்டும். பார்க்கப் போவது மட்டும் குறைவாக இருக்கட்டும். ஜன்பத்தில் இருக்கும் அந்த அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான பொருள்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் எழும்பூரில் நடந்ததுதான் தில்லியிலும் நடக்கும். ஒரே ஒரு சரடைப் பிடித்துக்கொண்டு போங்கள். உங்களுக்கு நான் சொல்வது வெண்கலம்.

காலையில் முதலில் ஹரப்பா கூடம். மொகஞ்சதாரோவில் 1926-இல் கிடைத்த 'நடன மங்கை' அங்கேதான் இருக்கிறாள். பாடப் புத்தகப் படத்தைப் பார்த்துப் பெரிய சிலை என்று நினைத்திருப்பான் உங்கள் மகன். உயரம் சுமார் 10.5 சென்டிமீட்டர்தான், தேடாமல் போனால் கடந்தே போய்விடுவீர்கள். வலது கை இடுப்பில், இடது கை நிறைய வளையல்கள். வயது ஏறக்குறைய 4,500 ஆண்டு. மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, சுட்டு, மெழுகு உருகி ஓடிய இடத்தில் உலோகத்தை ஊற்றி வார்த்தது. அந்த முறையை மகனுக்கு அங்கேயே சொல்லிவிடுங்கள்.

பிறகு நேராக வெண்கலக் கூடம். சோழர் திருமேனிகளும் மெழுகு வார்ப்புதான். சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் அப்படித்தான் வார்க்கிறார்கள். இங்கே அவசரமே வேண்டாம். கோயிலில் பட்டும் மாலையும் சாத்தி, தீபாராதனை வெளிச்சத்தில் முகம் மட்டும் பார்த்துப் பழகிய நமக்கு, இங்கேதான் தோளின் வளைவும் இடுப்பின் நெளிவும் ஆடையின் மடிப்பும் தெரியும். பின்பக்கம் பார்க்க முடிகிற சிலைகளைச் சுற்றி வந்து பாருங்கள். முதுகையும் எவ்வளவு கரிசனத்தோடு செய்திருக்கிறார்கள் என்று புரியும். பீடத்தில் இருக்கும் வளையங்களையும் துளைகளையும் மகனிடம் காட்டுங்கள். உலா போகும்போது தண்டு கோத்துக் கட்டுவதற்கானவை அவை.

அவற்றில் ஒரு நடராஜரைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்வேன். புதுக்கோட்டைப் பக்கம் திருவரங்குளத்திலிருந்து போனவர், உங்கள் ஊருக்கு அண்டை வீட்டுக்காரர் மாதிரி. காலைக் குறுக்கே வீசித் தூக்கிய ஆனந்த தாண்டவம் இல்லை இது. முழங்கால் மடித்து ஆடும் சதுர தாண்டவம். சிதம்பரக் கோலமே கண்ணில் நிற்கும் நமக்கு இந்த வேறுபாடு பெரிய மகிழ்ச்சி. கோயிலுக்கென்று வார்த்த திருமேனி விளக்கும் பூவும் இல்லாமல் நிற்பது எனக்கு எப்போதும் வருத்தம்தான். மாமியார் அங்கே கைகூப்பினால் கூப்பட்டும், தடுக்காதீர்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு மாமியாரை பௌத்தக் கூடத்துக்கு அழைத்துப் போங்கள். உத்தரப் பிரதேசத்தின் பிப்ரஹ்வாவில் கிடைத்த, புத்தருடையவை என்று போற்றப்படும் எலும்புத் துகள்களை அங்கே வைத்திருக்கிறார்கள். அவர் அமைதியாக இருக்கட்டும். கணவர் துணைக்கு இருக்கலாம். அந்த நேரத்தில் நாணயமோ ஆயுதமோ சிற்றோவியமோ, மகன் கேட்கும் ஒரு கூடத்துக்கு அவனோடு நீங்கள் போய் வாருங்கள். ஒன்று போதும்.

திங்கட்கிழமை விடுமுறை. பராமரிப்புக்காகச் சில கூடங்களை அவ்வப்போது மூடிவைப்பதும் உண்டு, அதனால் வெண்கலக் கூடம் திறந்திருக்கிறதா என்று முன்தினமே விசாரித்துக்கொள்ளுங்கள். நுழைந்ததும் சக்கர நாற்காலி கிடைக்குமா என்று கேளுங்கள்; மாமியார் வேண்டாம் என்றாலும் கேட்டு வாங்கி வையுங்கள்.