ஆறு புள்ளியும் ஏழு புள்ளியும்

வணக்கம் சார்,

சாயல்குடிக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். போன வாரம் என் அத்தை அடுப்பெரிக்கக் கருக்குமட்டை உருவியபோது, அடியில் இருந்த ஒரு கறுப்பு வண்டு எதையோ பீய்ச்சி அடித்து, அது கண்ணில் பட்டுவிட்டது. துடித்துப்போனார். பக்கத்து வீட்டில் தாய்ப்பால் வாங்கி விட்டார்கள். இரண்டு நாளில் எரிச்சல் அடங்கியது. அந்த வண்டை என் மகன் போனில் படம் எடுத்திருந்தான். பள்ளியில் காட்டியதும் பிள்ளைகள் வேலி ஓரத்திலிருந்து இன்னொன்றைப் பாட்டிலில் போட்டுக் கொண்டுவந்தார்கள். முதலாவதில் ஆறு வெள்ளைப் புள்ளிகள், இதில் ஏழு. இரண்டும் ஆணும் பெண்ணுமா? இணையத்தில் ஏழு புள்ளியைக் கரப்பான் என்கிறார்கள். மகன் நம்ப மாட்டேன் என்கிறான், எனக்கும் நம்பமுடியவில்லை. அறிவியல் பெயருக்குப் பின்னால் ஆள் பெயரை ஏன் அடைப்புக்குறிக்குள் போடுகிறார்கள் என்பதையும் சொல்லுங்கள்.

ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

முதலில் அத்தையின் கண். பார்வையில் கொஞ்சம் மங்கல் இருந்தாலும் இன்றே கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒன்று சொல்லி வையுங்கள்: இப்படிப் பட்டால் தாய்ப்பால் தேடி ஓட வேண்டாம், கண்ணைத் திறந்து பிடித்துக்கொண்டு நல்ல தண்ணீரைக் கால் மணி நேரமாவது விடாமல் ஊற்ற வேண்டும். அடித்தது ஃபார்மிக் அமிலம். முசுறு எறும்பு கடித்த இடத்தில் விடுகிற அதே அமிலம்தான், ஆனால் இந்த வண்டிடம் அளவு மிக அதிகம். எறும்புகளைக் காய்ச்சி வடித்துக் கிடைத்த இந்த அமிலத்தைப் பற்றி இங்கிலாந்தின் இயற்கையியலாளர் ஜான் ரே 1671இல் எழுதினார். எறும்புக்கு லத்தீனில் உள்ள சொல்லே அதற்குப் பெயராயிற்று. வண்டின் வயிற்று நுனியில் இரண்டு சுரப்பிகள், அவற்றோடு சேர்ந்து அமிலத்தைத் தேக்கும் பைகள். மிரண்டால் பையின் தசை இறுகும், உள்ளே இருப்பது பீய்ச்சிக்கொண்டு வரும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆணும் பெண்ணும் இல்லை. ஆறு புள்ளி தரைவண்டு, ஆந்தியா செக்ஸ்குட்டாட்டா. ஏழு புள்ளி கரப்பான்தான், தெரியா பெடிவெரியானா. மகனிடம் ஒன்று சொல்லுங்கள்: இதில் அவன் ஏமாந்தது குறையே இல்லை. உயிரினங்களுக்கு இரட்டைப் பெயரிடும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸே 1758இல் இந்தக் கரப்பானை காசிடா என்ற வண்டுப் பேரினத்தில்தான் சேர்த்திருந்தார்.

முதுகை மட்டும் பார்த்தால் யாரும் ஏமாறத்தான் செய்வோம். உங்கள் ஊரில் நண்டு வாங்குகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? புரட்டி வயிற்று மடலைப் பார்க்கிறார்கள். குறுகலாக இருந்தால் ஆண், அகன்றிருந்தால் பெண். பூச்சிக்கும் அதே வழிதான். கண்ணாடி பாட்டிலில் இருக்கும்போது வசதி, உயர்த்திப் பிடித்து அடியிலிருந்து பார்க்கலாம்.

மூக்கையூர் போகும் வழியில், மழை விட்ட ஒரு சாயங்காலம், வடலிகளுக்கு நடுவே செம்மணலில் இந்த ஆறு புள்ளி வண்டு ஓடிக்கொண்டிருந்தது. வாய் அகன்ற ஜாடியில் சற்று நேரம் வைத்துப் பார்த்துவிட்டு அங்கேயே விட்டேன். கட்டைவிரல் அளவு உடம்பு. தாடைகள் தலைக்கு முன்னால் அரிவாள் போல வளைந்து நீண்டிருந்தன, இரை பிடித்துத் தின்னும் பூச்சியின் வாய். கண்ணுக்கும் தாடைக்கும் இடையிலிருந்து உணர்கொம்பு புறப்படுகிறது. எண்ணினால் பதினொரு கணுக்கள். முன்காலின் உட்பக்கம் ஒரு சிறு வெட்டு, ஓரத்தில் நெருக்கமான மயிர். நான் பார்க்கும்போதே காலைத் தூக்கி உணர்கொம்பை அந்த வெட்டுக்குள் வைத்து, அடியிலிருந்து நுனிவரை இழுத்துவிட்டது. மணல் ஒட்டியிருக்க வேண்டும். தலைவாரும் சீப்பு மாதிரி. தரைவண்டுக் குடும்பத்தில் பரவலாகக் காணும் அமைப்பு இது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் பின்னங்காலின் அடி. தொடை தொடங்கும் இடத்தில் அவரை விதை போல ஒரு புடைப்பு தெரியும். அதற்கும் மேலே, காலை உடம்போடு சேர்க்கும் முதல் துண்டு அசையாமல் ஒட்டிக்கொண்டு, வயிற்றின் முதல் தகட்டை நடுவில் முழுதாகப் பிளந்து நிற்கும். வண்டுகளில் எத்தனையோ லட்சம் இனங்கள் இருந்தும் அடிஃபேகா என்ற துணைவரிசையை இந்தப் பிளவை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். குளத்தில் நீந்தும் நீர்வண்டுக்கும் இதே பிளவு உண்டு. அடிஃபேகாவுக்குள் கராபிடே, அதாவது தரைவண்டுக் குடும்பம். அதில் மட்டும் சுமார் 40,000 இனங்கள். உங்கள் கடற்கரையில் ஈர மணலில் ஓடி, எழும்பிப் பறந்து, மறுபடி ஓடுமே புலிவண்டு, அதையும் வெகுகாலம் இந்தக் குடும்பத்தின் கிளையாகவே வைத்திருந்தார்கள். இப்போது பலர் தனிக் குடும்பம் என்கிறார்கள்.

புள்ளியை நம்ப வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம், இந்த வண்டின் வெள்ளைப் புள்ளி அடர்ந்த மயிர்க் கற்றை. தேய்ந்து உதிரலாம். தலைக்குப் பின்னாலுள்ள முன்மார்புத் தகட்டில் இரண்டும், முதுகில் நான்கும் இருக்க வேண்டும். வயதான வண்டில் எண்ணிக்கை குறைந்தே தெரியலாம். முதுகில் ஓடு போல இருப்பவை முன்னிறக்கைகள். நடுவில் நேர்கோடாகச் சந்தித்து ஒட்டிப்போயிருக்கும். அதனால் இதற்குப் பறக்க வராது, ஓட்டம்தான்.

இப்போது பாட்டிலில் இருப்பதைப் பாருங்கள். நேர்கோடு இருக்காது. வேட்டி மடிப்பு மாதிரி இடது இறக்கை வலது இறக்கையின் மேல் ஏறிப் படிந்திருக்கும். இடதில் நான்கு புள்ளி, வலதில் மூன்று, ஏழு ஆனது அப்படித்தான். தலை முன்மார்புத் தகட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். கடிக்க நீட்டிய தாடை கிடையாது. வண்டு புழுவாகி, கூட்டுப்புழுவாகி, பிறகுதான் வண்டாகும். கரப்பான் குஞ்சோ கிட்டத்தட்ட பெரியதின் உருவத்திலேயே பிறந்து, தோலுரித்துத் தோலுரித்து வளரும். இது இலைக்குப்பையிலும் மண்ணிலும் வாழ்வது, சமையலறைக்கு வருகிற ஜாதி இல்லை. அமிலமும் அடிக்காது. அடிக்கிற வண்டின் சாயலை வைத்துத் தப்பிக்கிறது என்று கருதுகிறார்கள். ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பாலைவனத்தில் ஒரு பல்லியின் குஞ்சுகள் கறுப்பு வெள்ளையாக, முதுகை வளைத்து, அங்குள்ள ஆந்தியா வண்டுகளைப் போலவே நடக்கும். வளர்ந்ததும் நிறமும் நடையும் மாறிவிடும். ஹியூயி, பியான்கா என்ற இரு ஆய்வாளர்கள் 1977இல் இதை எழுதினார்கள்.

அடைப்புக்குறிக்கு வருகிறேன். ஆறு புள்ளி வண்டுக்கு 1775இல் பூச்சியியலாளர் ஃபேப்ரீசியஸ் வைத்த பெயர் கராபஸ் செக்ஸ்குட்டாட்டஸ். 1801இல் வெபர் ஆந்தியா என்ற பேரினத்தை உருவாக்கினார், வண்டு அதற்குள் போனது. முதலில் வைத்த பேரினத்திலிருந்து இடம் மாறியிருந்தால், பெயர் வைத்தவரை அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். அவ்வளவுதான் விதி. லத்தீனில் கராபஸ் ஆண்பால், ஆந்தியா பெண்பால் என்பதால் கடைசி எழுத்துகளும் மாறின. வகுப்பில் இந்தப் பெயரைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். செக்ஸ் என்றால் லத்தீனில் ஆறு, குட்டா என்றால் சொட்டு என்று சொல்லிவிடுங்கள். ஆறு சொட்டு. நம் பிள்ளைகள் அந்தப் பெயரிலேயே கூப்பிடட்டும்.

அத்தையிடம் ஒரு வேண்டுகோள். மட்டைக் குவியலைக் கொளுத்தவோ மருந்தடிக்கவோ வேண்டாம். ஒரு கம்பால் தட்டி, இரண்டு நிமிடம் விட்டு, முகத்தைத் தள்ளி வைத்து உருவினால் போதும், அது தானாக ஓடிவிடும். பாட்டிலில் இருப்பதை எடுத்த வேலி ஓரத்திலேயே குப்பைக்கு அடியில் விடச் சொல்லுங்கள். விடுவதற்கு முன் வயிற்றுப் பக்கம் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.